நீங்கள் இல்லாத கிழமையிலும் குழு ஓட வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நெட்வேர்க் மார்க்கெட்டிங் பற்றிய கேள்விகள்தான் அதிகம். ஒரு கம்பனியின் பொருளை விற்றுக்கொண்டு, அதையே விற்க உங்களுக்குக் கீழே ஆட்களையும் சேர்த்து, அவர்களுடைய விற்பனையிலும் கொமிஷன் எடுக்கும் முறை அது. விசுவமடுவில் இருந்தும் மாங்குளத்தில் இருந்தும் செட்டிகுளத்தில் இருந்தும் கிட்டத்தட்ட ஒரே கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கேள்வி: வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்கும் ஒரு நெட்வேர்க் கம்பனியில் இருக்கிறேன். எனக்குக் கீழே 23 பேர். பெரும்பாலானோர் சொந்தக்காரரும் பள்ளிக்கூடச் சிநேகிதிகளும், எனக்காகச் சேர்ந்தவர்கள். அம்மாவுக்குச் சுகமில்லாமல் ஒரு மாதம் வவுனியா ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஓடரும் போகவில்லை, ஒரு கூட்டமும் நடக்கவில்லை, எல்லோரும் "அக்கா வரட்டும்" என்று இருந்திருக்கிறார்கள். அம்மா இப்போது தேறிவிட்டார். தானாக இயங்கும் குழுவை எப்படிக் கட்டுவது?
– வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, அம்மா தேறியது சந்தோஷம். இனி விசயத்துக்கு வருகிறேன், சொன்னால் கோபிக்காதீர்கள்.

23 பேருக்கும் விலை சொல்ல நீங்கள், ஓடர் போட நீங்கள், போத்தல் உடைந்து வந்தால் கம்பனியோடு கதைக்க நீங்கள், கடன் கேட்டு வருபவரைச் சமாளிக்கவும் நீங்கள். அப்படியானால் நீங்கள் நடத்துவது ஒரு கடை. அந்த 23 பேரும் கடைக்கு வருகிற ஆட்கள். கடைக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனால் கடை பூட்டித்தான் கிடக்கும், அதில் அவர்களுடைய பிழை ஒன்றும் இல்லை.

ஒரு கொப்பியை எடுத்து 23 பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, போன இரண்டு மாதத்தில் அவரிடம் பொருள் வாங்கிய, ஆனால் கம்பனியில் சேராத ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். சேராத ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். அவர் தன் வீட்டுக்கு வாங்கியதும், தங்கச்சியைச் சேர்த்துவிட்டு அவள் கணக்கில் வாங்கியதும் இதில் வராது. எழுதி முடிக்கும்போது முக்கால்வாசிப் பெயருக்கு எதிரே ஒன்றுமே இருக்காது என்றுதான் நினைக்கிறேன். மூன்றோ நான்கோ பெயருக்கு எதிரே மட்டும் ஐந்தாறு பெயர்கள் நிற்கும். உங்கள் குழு அந்த மூன்று நான்கு பேர்தான். மற்றவர்களிடம் போய், "நீங்கள் பொருளைச் சும்மா வாங்கிப் பாவியுங்கள், மாதாமாதம் பொருள் வாங்கிக் கம்பனிப் பொயின்ட் எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் எண்ணிக்கை குறையும், மேலே இருப்பவர் முகத்தைச் சுளிப்பார், அடுத்த கூட்டத்தில் உங்கள் பெயரை மேடையில் சொல்லமாட்டார்கள். பரவாயில்லை. விருப்பமில்லாதவர்களை இழுத்துக்கொண்டு திரிகிற களைப்பில்தான், விருப்பமுள்ள அந்த நான்கு பேருக்கு உங்களிடம் நேரம் இல்லாமல் போகிறது.

அந்த நான்கு பேரையும் எப்படிப் பழக்குவது? ஒட்டுசுட்டான் பக்கம் சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் விற்கும் ஒரு அக்கா புதிதாக வந்த ஒரு பிள்ளையைப் பழக்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் வீட்டில் அக்காதான் எல்லாம் செய்தார். முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த, விறகடுப்புக் கரி ஏறிய கேத்தலை அவராகவே எடுத்து, அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டுத் தேய்த்துக் கழுவிக் காட்டினார், அந்தப் பிள்ளை பையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வீட்டில் கேத்தல் பிள்ளையின் கையில், கதை அக்காவின் வாயில். மூன்றாம் வீட்டில் முழுதும் பிள்ளையிடம் விட்டுவிட்டார். அவள் விலையை மாற்றிச் சொன்னாள், எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று சொல்ல மறந்துபோனாள், வீட்டுக்காரம்மா ஒன்றும் வாங்கவில்லை. அவ்வளவு நேரமும் அக்கா வாயே திறக்கவில்லை, அந்த வீட்டுப் பெடியனிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தார். வெளியே படலையடிக்கு வந்த பிறகு ஒரே ஒரு விசயம்தான் சொன்னார்: "தண்ணி எவ்வளவு கலக்கிறது எண்டு சொல்லேல்லைப் பிள்ளை." விலையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் இல்லை, அதை அடுத்த நாளைக்கு வைத்துக்கொண்டார்.

ஒரு விற்பனை கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது இலேசான வேலை இல்லை. உள்ளே புகுந்து சரிக்கட்டினால் அன்றைக்கு ஒரு போத்தல் விற்கும், ஆனால் அந்தப் பிள்ளைக்கு இனி எப்போதும் அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பழகிவிடும்.

அடுத்தது, இதை ஒருவரும் மேடையில் சொல்வதில்லை: பாஸ்வேர்ட். நான் பார்த்த பல குழுக்களில் கீழே இருக்கும் எல்லோருடைய ஐடியும் பாஸ்வேர்ட்டும் மேலே இருக்கும் ஒருவருடைய போனில்தான் இருக்கும். "உங்களுக்கு ஏன் கரைச்சல், நானே போட்டுவிடுகிறேன்" என்று அன்பாகத்தான் தொடங்குவார்கள். முடிவில் தன் கணக்கில் எவ்வளவு கொமிஷன் வந்தது, எவ்வளவு கழித்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. உங்களிடமும் அப்படி இருந்தால் இந்தக் கிழமையே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவரவர் போனில் அவரவர் கையால் பாஸ்வேர்ட்டை மாற்ற வையுங்கள், முதல் ஓடரை உங்கள் முன்னால் அவர்களே போடட்டும். பொருள் வந்து இறங்கும் இடத்தையும் பிரியுங்கள். எல்லாப் பெட்டியும் விசுவமடுச் சந்திக்கு உங்கள் பெயரில் வர வேண்டும் என்று இல்லை. தர்மபுரத்தில் ஒருவர், புதுக்குடியிருப்பில் ஒருவர் தங்கள் பெயரில் இறக்கினால் அந்தப் பக்கத்துப் பொறுப்பு தானாக அவர்களிடம் போய்விடும்.

கடன் விசயத்தையும் அவர்களே தீர்மானிக்கட்டும். இங்கே குழுக்களைச் சாப்பிடுவது கடன்தான். கம்பனிக்கு மாதம் ஒரு இலக்கு இருக்கிறது, எங்கள் சனத்துக்குக் காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோக நெல் வெட்டி விற்ற பிறகு மாசி பங்குனியில் கையில் காசு புழங்கும், மார்கழியில் உரத்துக்கும் களைநாசினிக்கும் கொடுத்துவிட்டு வீடு வெறுமையாகக் கிடக்கும். கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது கரையோரத்திலும் அதே நிலைமைதான். எந்த வீட்டுக்கு எப்போது காசு வரும், எந்த வீட்டில் கேட்கவே கூடாது என்பது அந்த ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும், விசுவமடுவில் இருந்து நீங்கள் தீர்மானிக்க முடியாது. வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் அந்தப் பக்கம் யாரும் உங்கள் சவர்க்காரத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை என்பதைக்கூட அங்கே இருப்பவர்தான் முதலில் சொல்வார்.

கூட்டம் நடத்த வெளியில் இருந்து யாரும் வந்து பழக்கத் தேவையில்லை. எங்கள் பெண்களில் பலர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ இருந்தவர்கள். அறிக்கை வாசிப்பது, கணக்குக் காட்டுவது, வருடம் முடிய நிர்வாகத்தை மாற்றுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. இடப்பெயர்வு முடிந்து 2009க்குப் பிறகு மீளக் குடியமர்ந்த ஊர்களில், கூரைத் தகரத்துக்குக் கீழே கூடியவற்றில் இந்தச் சங்கங்களும் உண்டு. அதே முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு வீட்டில், அந்த வீட்டுக்காரியே தலைமை தாங்கி, அரை மணித்தியாலம். எது விற்றது, எது திரும்பி வந்தது, யாருக்கு எவ்வளவு நிலுவை, பஸ் காசும் டேட்டாக் காசும் கழித்துக் கையில் என்ன மிஞ்சியது. அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மூன்று மாதம் பார்த்தும் ஒருவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், "இது உனக்குச் சரிவராது போல, வேறு வழி பார்ப்போம்" என்று சொல்கிற துணிவு தலைமைக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வேலைமுறையை எளிதாக்குங்கள். உங்களிடம் ஸ்கூட்டி இருக்கிறது, சரளமாகக் கதைப்பீர்கள், பத்துப் பேரை இருத்தி ஒரு மணித்தியாலம் பேசுவீர்கள் (கடிதமே ஐந்து பக்கம், அதிலேயே தெரிகிறது). உங்களுக்குக் கீழே இருப்பவர் பஸ்ஸில் போகிறவர், கூச்சப்படுகிறவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவரால் செய்யக்கூடிய அளவுக்கு வேலை எளிதாக இருந்தால்தான் உங்களிடம் இருந்து அவருக்கும், அவரிடம் இருந்து அடுத்தவருக்கும் போகும். ஒரு பொருள், ஒரு செய்து காட்டல், ஒரு விலைத்துண்டு. தொடங்குவதற்கு அது போதும்.

இதெல்லாம் ஒரு நான்கைந்து மாதம் ஓடிய பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு கிழமை ஒதுங்குங்கள். போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, என்னென்ன கேட்டு யார் எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கிழமை முடிய அந்தத் தாளைப் பார்த்தால், எதை இன்னும் கைமாற்றவில்லை என்பது தெளிவாகத் தெரியும். விலை கேட்டு எடுத்தவர்கள் அதிகமா, உடைந்த பொருளுக்கு எடுத்தவர்கள் அதிகமா? அடுத்த மாதம் அதைப் பழக்குங்கள். பிறகு இரண்டு கிழமை ஒதுங்கிப் பாருங்கள்.

"நீங்கள் தூங்கும்போதும் காசு வரும்" என்று சொல்கிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். தானாக ஓடும் குழு என்று எதுவும் கிடையாது, எப்போதும் யாரோ ஒருவர் வெயிலில் நடந்துகொண்டுதான் இருப்பார். அந்த ஒருவர் எப்போதும் நீங்களாகவே இருக்கத் தேவையில்லாமல் செய்யலாம், அவ்வளவுதான்.

கேள்வி: 75,000 ரூபா கட்டிச் சேரச் சொல்கிறார்கள். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர் சேர்த்தால் போதுமாம், மிச்சம் தானாக வளருமாம். காசுக்கு ஒரு ஹெல்த் பக்கெட் தருகிறார்கள். "பொருள் தருகிறோம், ஆகவே இது பிரமிட் இல்லை" என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, காசைக் கட்டாதீர்கள்.

பிரமிட் என்றால், புதிதாகச் சேருகிறவர் கட்டும் காசில் மேலே இருப்பவர் உழைக்கும் திட்டம். பொருள் தருவதால் மட்டும் ஒன்றும் மாறாது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 83சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பங்குபற்றுகிறவர் காசு கட்ட வேண்டும், அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் ஆட்களின் தொகை கூடுவதிலோ அவர்கள் கட்டும் தொகை கூடுவதிலோ தங்கியிருக்கிறது என்றால் அந்தத் திட்டம் தடை. நடத்துகிறவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்க வேண்டாம், ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் அதே பிரிவுக்குள்தான் வருகின்றன. உங்கள் மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மண்டபத்தில் இருத்தினால் நீங்களும் ஊக்குவித்தவர்தான்.

கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒருவர் இரண்டு பேர், அந்த இருவரும் இரண்டிரண்டு பேர் என்று போனால் 2, 4, 8, 16. பத்தாவது படியில் 1,024 பேர். பதினாறாவது படியில் 65,536 பேர், அதுவரை சேர்ந்த எல்லோரையும் கூட்டினால் 131,070. கிளிநொச்சி மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே 2012 கணக்கெடுப்பில் 113,510தான், அதில் கைக்குழந்தையும் சேர்த்தி. ஒரு படிக்கு இரண்டு கிழமை என்றால் எட்டு மாதம்கூட ஆகாது, மாவட்டம் முடிந்துவிடும். அது எந்தப் படியில் நின்றாலும் கடைசிப் படியில் இருப்பவர்களின் தொகை, மேலே இருக்கும் அத்தனை பேரின் தொகையையும் விடக் கூட. அதாவது சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கீழே ஒருவருமே இருக்கமாட்டார்கள். திட்டம் தோற்றுப்போனதால் வருகிற நிலைமை இல்லை இது, திட்டமே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எல்லா நெட்வேர்க் கம்பனியும் மோசடியா என்று கேட்பீர்கள். 1979இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஆம்வே என்ற நெட்வேர்க் கம்பனியின் வழக்கில் அது பிரமிட் இல்லை என்று தீர்மானித்தபோது மூன்று விதிகளை எடுத்துப் பார்த்தது: வாங்கிய பொருளில் 70 வீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையாக விற்றிருக்க வேண்டும், விற்காத பொருளைத் திருப்பி எடுக்க வேண்டும். ஆளைச் சேர்த்ததற்கென்று அங்கே காசும் கொடுக்கவில்லை. விதி எழுத்தில் இருந்தால் போதாது, நடைமுறையிலும் இருக்க வேண்டும். 2016இல் அதே ஆணையத்தின் நடவடிக்கையை அடுத்து ஹேர்பலைஃப் என்ற இன்னொரு நெட்வேர்க் நிறுவனம் 200 மில்லியன் டொலர் கட்டியது, உண்மையான வாடிக்கையாளருக்குப் போன விற்பனையை வைத்தே கொமிஷன் கொடுக்கும்படி தன் முறையையும் மாற்ற வேண்டி வந்தது.

ஆகவே உங்களைக் கூப்பிட்டவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒருவரையும் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் எனக்கு மாதம் எவ்வளவு வரும்? விற்காத பக்கெட்டைத் திருப்பித் தந்தால் காசு தருவீர்களா, எழுத்தில் தருவீர்களா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். பிரமிட் திட்டம் நடத்தியதாகத் தீர்மானித்த நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதது மட்டும் நல்ல கம்பனி என்பதற்கு அத்தாட்சி ஆகாது, நேற்று முளைத்தவை அதில் இருக்கமாட்டா. சந்தேகம் என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது நீங்கள் மாங்குளம்தானே, ஏ-9 வீதியால் பஸ் ஏறிக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகத்திலேயே போய்க் கேட்கலாம்.

கேள்வி: கம்பனியில் என் ரேங்கைத் (பதவிப் படியை) தக்கவைக்க இந்த மாதம் இன்னும் 40,000 ரூபாவுக்குப் பொருள் எடுக்க வேண்டும். அப்லைன் (எனக்கு மேலே இருப்பவர்) நுண்கடன் எடுத்துச் செய்யச் சொல்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: வேண்டாம். ரேங்க் போனால் போகட்டும்.

நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்று முள்ளியவளையில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக் கட்டணம் வாங்க வருபவர் வாசலில் வந்து குந்தியிருப்பார் என்று பின்பக்கத்தால் போன பெண்கள் எத்தனை பேர். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. விற்பனை இருந்தால் ரேங்க் தானாக நிற்கும். விற்பனை இல்லாமல் கடன் எடுத்து வாங்கி, அறையில் அடுக்கிவைத்து நிற்கிற ரேங்க் உங்கள் அப்லைனுக்குத்தான் வருமானம், உங்களுக்குச் செலவு. அவரிடமே கேளுங்கள், அந்தக் கடனுக்கு அவர் பிணை நிற்பாரா என்று.

கேள்வி: எனக்குக் கீழே இருக்கும் ஒரு பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது தனியாகக் கூட்டம் வைக்கப் போகிறேன் என்கிறாள். விட்டால் என் ஆட்களும் அவளோடு போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, செட்டிகுளம்

பதில்: விடுங்கள் அக்கா. பயம் நியாயமானதுதான், அதை மறைக்கவும் வேண்டாம். சில கம்பனிகளின் திட்டத்தில் கீழே இருப்பவர் உங்கள் படிக்கு ஏறினால் அவருடைய குழு உங்களிடம் இருந்து கழன்றுவிடும், உங்கள் கொமிஷனும் குறையும். உங்கள் கம்பனியில் எப்படி என்று திட்டத்தை எழுத்தில் எடுத்து வாசியுங்கள், அப்லைன் சொல்லக் கேட்டது போதாது. குறையும் என்றால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு, அதைச் சமாளிக்க உங்களுக்கு நேரடியாக எத்தனை வாடிக்கையாளர் தேவை என்று பாருங்கள். பயம் ஒரு தொகையாக மாறிவிட்டால் அதைக் கையாளலாம்.

அவளைப் பிடித்து வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மனம் உடைந்து சும்மா இருந்துவிடுவாள், அல்லது வேறு கம்பனிக்குப் போவாள், போகும்போது ஆட்களோடுதான் போவாள். ஆகவே முதல் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். முன்வரிசையில் இருக்க வேண்டாம், தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் நில்லுங்கள். உங்களைப் பார்த்துச் சனம் கேள்வி கேட்டால், "தங்கச்சியிடம் கேளுங்கோ" என்று அவள் பக்கம் காட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள், இந்த அக்காவோடு சேர்ந்தால் எங்களையும் வளரவிடுவார் என்று நினைப்பார்கள். இதைவிட நல்ல ஆட்சேர்ப்பு எனக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் லீடர், இந்தக் குளிசை போட்டால் சீனி வருத்தம் மாறும், ஆஸ்பத்திரி மருந்தை விடலாம் என்று சொல்லச் சொல்கிறார். சொல்ல மனம் வரவில்லை. சொல்லாவிட்டால் விற்கவும் முடியவில்லை.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி, அதிலேயே உறுதியாக நில்லுங்கள். சீனி வருத்தக்காரர் மருந்தை விட்டால் காலை இழக்கலாம், கண்ணை இழக்கலாம், உயிரே போகலாம். விற்றது பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்றால் அந்த வீட்டுப் படலையால் பிறகு எப்படிப் போவீர்கள்? மருந்து என்று ஒன்றை விற்பதானால் அது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாகி இருக்க வேண்டும். ஊட்டச்சத்து என்று இறக்கிய பொருளை மருந்து என்று சொல்லி விற்க யாருக்கும் உரிமை இல்லை.

தலைமையில் இருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு வசனத்தைச் சொன்னால் உங்களுக்குக் கீழே இருபது பேர் அதையே சொல்வார்கள், போகப்போக அது கூடிக்கொண்டும் போகும். "உடம்புக்கு நல்லது" என்று நீங்கள் தொடங்கியது நான்காவது ஆளிடம் போகும்போது "புற்றுநோய் மாறும்" என்று ஆகியிருக்கும். என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விற்க முடியாத பொருள் என்றால் அதை விற்காதீர்கள்.

கேள்வி: அப்லைன் ஐயா இரவு 9 மணிக்குச் சூம் கூட்டம் வைக்கிறார், 11 வரை போகும். வராவிட்டால் கனவு இல்லாதவர்கள் என்கிறார். என் குழுவில் எல்லோரும் பெண்கள், பலர் தனியாகப் பிள்ளைகளோடு இருப்பவர்கள்.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: காலை 4 மணிக்கு எழும்பிச் சமைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுக் கூலிக்குப் போகும் ஒருத்தியிடம் கனவு இல்லை என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. கூட்டத்துக்கு நீங்கள் ஒருவர் மட்டும் போங்கள், தேவையான நான்கு விசயத்தை அடுத்த நாள் பகலில் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், மூன்று நிமிடத்துக்குள். குழுவுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நின்று இந்த நெருக்கடியைத் தாங்குவதும் உங்கள் வேலைதான். பொழுதுபட்ட பிறகு எவரும் பொருள் கொடுக்கவோ காசு வாங்கவோ தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதையும் விதியாக வையுங்கள், அது மேலே இருக்கும் ஐயாவுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: எங்கள் கம்பனி சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்தைப் பூட்டிவிட்டது. நாங்கள் எட்டுப் பேரும் விற்கப் பழகிவிட்டோம். வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி விற்கலாமா? யார் தலைவி என்பதில்தான் இழுபறி.
– வாசகிகள், மல்லாவி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். கம்பனி போன பிறகும் எட்டுப் பேர் ஒன்றாக நிற்கிறீர்கள், முதல் கேள்வி கேட்ட விசுவமடுத் தங்கச்சி தேடுவது இதைத்தான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே கூப்பிட்டு, அரைக்கும் இடத்தையும் அடைக்கும் இடத்தையும் காட்டுங்கள். பக்கெட்டில் பெயர், நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். ஒடியலும் பனங்கட்டியும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கலாமா என்று கேளுங்கள், தரம் ஒரே மாதிரி இருக்கும்.

தலைவி விசயத்துக்கு: வேலையைப் பிரித்தால் இழுபறி பாதியாகக் குறையும். வாங்குவது ஒருவர், கணக்கு ஒருவர், மல்லாவி, யோகபுரம், துணுக்காய் என்று ஊர் ஊராக விற்பனை மற்றவர்கள். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. தலைவி பதவியை ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று வைத்து, யார் முதல் என்பதைத் துண்டு குலுக்கிப் போடுங்கள். பதவி மாறும்போது பழையவர் புதியவரோடு ஒரு மாதம் சேர்ந்து நிற்க வேண்டும், கணக்குக் கொப்பியை எட்டுப் பேரும் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் கைமாற வேண்டும். முதல் மூன்று மாதம் மிளகாய்த்தூள் ஒன்றை மட்டும் செய்யுங்கள், ஒடியல்மாவைப் பிறகு பார்க்கலாம். விலைப்பட்டியல் எழுதியதும் ஒரு பிரதி அனுப்புங்கள், செத்தல் மிளகாய் விலையும் அரைகூலியும் பக்கெட் விலையும் சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்த்து எழுதுகிறேன்.